முகத்துவாரத்த வெட்டி விட்டா போதுங்களா?

கோயமுத்தூர்ல உக்காந்துட்டு, கடல்ல தண்ணியும் மண்ணும் எப்படி நகரும்னு கம்ப்யூட்டர்ல மாடல் போடற பொழப்பு எனக்கு, ஒறம்பரைக எல்லாம் சிரிப்பாங்க. ஆனா இப்ப திருப்பூர், ஈரோட்டுல இருந்து நெறைய பேரு ஈசிஆர் பக்கம் கழிமுகத்த ஒட்டி எடம் வாங்கறாங்க, வாங்கினதும் மொத வேலையா சேத்துப் பள்ளத்துல மண்ணடிச்சு மேடாக்கறது, அப்பறம் முட்டுக்காட்டுல முகத்துவாரம், அதாவது கழிமுகம் கடல்ல சேர்ற வாய், அடைச்சுக்குது, ஜேசிபி வுட்டு வெட்டுங்கன்னு சத்தம் போடறது.

கரையோரமா அலை மண்ண இழுத்துட்டு வந்து வாயில போட்டுட்டே இருக்கும். உள்ள ஏறி வெளிய எறங்கற ஓதத்தண்ணிதான் (கடல் மட்டம் தெனமும் ஏறி எறங்கறதுதான் ஓதம்) அத கழுவித் தள்ளோணும், அதுக்கு சுமாரா செகண்டுக்கு 1 மீட்டர் வேகமாவது வேணும். எல்பிபி (கீழ்பவானி) பாசன வாய்க்கால்ல தண்ணி மெதுவா வந்தா வண்டல் படியுமில்லீங்க, அதே கதைதான்.

ஒரு கணக்கு பாருங்க. உள்ள 1 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பு, ஓதம் அரை மீட்டர் ஏறுதுன்னு வைங்க, 5 லட்சம் கன மீட்டர் தண்ணி ஆறு மணி நேரத்துல வாய் வழியா போகோணும். உச்சத்துல செகண்டுக்கு 35 கன மீட்டர் வரும், அதாவது அந்த 1 மீட்டர் வேகம் நிக்கோணும்னா ஒரு மீட்டர் ஆழத்துல 35 மீட்டர் அகல வாய்தான் அந்தத் தண்ணிக்குத் தாங்கும். நீங்க 70 மீட்டருக்கு வெட்டினா வேகம் கிட்டத்தட்ட பாதியாயிரும், மண்ணு படிஞ்சு பழையபடி சுருங்கிக்கும். பாதிப் பரப்ப மேடாக்கிட்டாலோ 17 மீட்டருக்கே தண்ணி பத்தும். ரொம்பச் சுருங்கினா உராய்வு ஏறி வேகம் இன்னும் கொறையும், அப்பறம் முழுசா அடைக்கறது வரைக்கும் நிக்காது. வாயோட அளவு மாறினா வேகம் எப்படி மாறும்னு, இத அமெரிக்க இன்ஜினியர் எஸ்காஃபியர் 1940லயே ஒரு வளைகோடா போட்டுக் காமிச்சுட்டாரு, கம்ப்யூட்டரே இல்லாத காலம்!

இன்னொண்ணு, கலர் கலரா படம் போட்ட மாடல் ரிப்போர்ட்டப் பாத்து மயங்கிடாதீங்க. தண்ணிய மட்டும் ஓட்டி, அடிமண்ணு நகராதுன்னு வச்சுப் போட்ட மாடல்ல வாய் எந்தக் காலத்துலயும் அடைக்காது, நகரக்கூடாதுன்னு நாமதானே சொல்லி வச்சிருக்கோம். அலையும் மண்ணும் சேத்தாங்களா, ஆழம் எந்த மாசம் அளந்தது (வடகிழக்குப் பருவத்துல மண்ணு போற திசையே தெக்க திரும்பிக்கும்), உள்பக்கம் ஓதமானி (ஓதம் எவ்வளவு ஏறுதுன்னு அளக்கற கருவி) வச்சு மாடலோட ஒப்பிட்டாங்களான்னு கேளுங்க. முக்காவாசிப் பேரு கடல் பக்கம் மட்டும் அளந்துட்டு வந்துருவாங்க.

எடம் வாங்கறவங்களுக்கு, பட்டா இருந்தாலும் ஓதம் ஏறி எறங்கற எடம்னா சிஆர்இசட்ங்கற கடலோர ஒழுங்குமுறை மண்டலச் சட்டத்துல வருமுங்க, மண்ணடிக்கறதுக்கு முன்னால அந்த மேப்ப வாங்கிப் பாத்துருங்க.