போர்டு போகவில்லை, ராம்தான் பொருந்தவில்லை

"புது ராம் போட்டோம், டிஸ்ப்ளே வரவில்லை. கடையில் கேட்டால் மதர்போர்டு போயிடுச்சு என்கிறார்கள்." சர்வீஸுக்கு வரும் பழைய கணினிகளில் இந்தப் பேச்சோடு வருபவை நிறைய. பழைய ராமைத் திரும்பச் செருகிப் பார்த்தால், பெரும்பாலும் எப்போதும்போல ஓடும். போர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதற்கு ஒத்துவராத ராமை வாங்கி வந்திருப்பார்கள். இது தெரியாமல் நல்ல போர்டைப் பழைய இரும்புக்குப் போட்டவர்களைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை.

ராம் வாங்கும் முன், கணினி மெதுவாக ஓடுவதற்கு ராம் போதாததுதான் காரணமா என்று பாருங்கள். நீங்கள் தினமும் திறக்கும் டேலி, குரோம் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் மெமரி என்று காட்டுவதுதான் ராம். அது 90 சதவீதத்துக்குப் பக்கத்தில் நின்று, கூடவே டிஸ்க்கும் 100-ல் நின்றால் ராம் போதவில்லை. இடமில்லாததை விண்டோஸ் ஹார்டு டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கிறது. மெமரி பாதிகூட நிரம்பாமல் டிஸ்க் மட்டும் 100 காட்டினால், ராமுக்குச் செலவு செய்யாதீர்கள். அந்தப் பணத்தில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக, அதைவிட வேகமான எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள்.

இன்னொன்று, விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்பது. சாதாரண டெஸ்க்டாப்பில் போடும் 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் எடுக்காது. அதிலும் கைக்குக் கிடைப்பது மூன்றேகால், மூன்றரைதான். 8 ஜிபி போட்டுவிட்டு "வேகமே கூடலையே" என்று கேட்பவர்களின் கணினியில் பெரும்பாலும் இதுதான் விஷயம்.

சரி, ராம்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. என்ன ராம்? டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 என்பவை ராமின் தலைமுறைகள். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின்தான். நீளமும் ஒன்றே. ஆனால் அடியில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், ஒன்று 1.8 வோல்ட், மற்றது 1.5 வோல்ட். உட்காரவில்லை என்றால் அழுத்தக்கூடாது. டிடிஆர்4-க்கு 288 பின். போர்டு எவ்வளவு தாங்கும் என்பதும் முக்கியம். இதை போர்டில் உள்ள முக்கியச் சிப்பான சிப்செட்டின் பெயரை வைத்துச் சொல்லலாம். ஜி31 சிப்செட் போர்டு 4 ஜிபியோடு நின்றுவிடும். ஜி41 என்றால் 8. எச்61 பொதுவாக 16 வரை போகும். பிராண்டட் கணினிகளில் இதைவிடக் குறைத்தும் வைத்திருப்பார்கள். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் மெயின்போர்டு பக்கத்தைத் திறந்தால் போர்டின் பெயரும் சிப்செட்டும் தெரியும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது ஜி41-ல்தான். ஒரு டிடிபி கடைக்காரர் அந்த போர்டுக்குப் புத்தம் புது 4 ஜிபி டிடிஆர்3 ராம் வாங்கி வந்தார். வகை சரி, அளவு சரி, ராமும் நல்ல ராம். ஆனாலும் டிஸ்ப்ளே வரவில்லை. ராமைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் எட்டு கருப்புச் சிப்புகள், மறுபக்கம் மொட்டை. சிக்கல் அங்கேதான் இருந்தது. எட்டு ஜிகாபிட் சேர்ந்ததுதான் ஒரு ஜிபி. அதனால் 4 ஜிபியை எட்டுச் சிப்பில் அடக்கினால் ஒவ்வொரு சிப்பும் 4 ஜிகாபிட். ஜி41 படிப்பது 2 ஜிகாபிட் சிப் வரைதான். அதற்கு இரண்டு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு சிப் உள்ள 4 ஜிபி ராம் வேண்டும். ஸ்டிக்கரில் 2ஆர்எக்ஸ்8 என்று இருந்தால் பதினாறு சிப், 1ஆர்எக்ஸ்8 என்றால் எட்டு. கடையில் கேட்கும்போதே "ஜி41 போர்டு, பதினாறு சிப் ராம் வேண்டும்" என்று சொல்லிக் கேளுங்கள். அந்த டிடிபி கடைக்காரர் பதினாறு சிப் ராமாக மாற்றிக்கொண்டு வந்ததும் போர்டு முதல் முறையிலேயே எடுத்துக்கொண்டது.

அதே ஸ்டிக்கரில் பிசி3-10600 போன்ற எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் பாருங்கள். யு என்றால் டெஸ்க்டாப் ராம். ஆர் என்றால் சர்வரிலிருந்து கழற்றியது. விலை மலிவாக இருக்கும், சாதாரண போர்டில் ஓடாது. ஆன்லைனில் மலிவாக வரும் 4 ஜிபி டிடிஆர்2 ராம்களில் சில ஏஎம்டி போர்டில் மட்டுமே ஓடுபவை. விவரத்தில் சின்ன எழுத்தில் அதைப் போட்டிருப்பார்கள்.

மாட்டுவது பெரிய வேலையில்லை. பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு ராமின் ஓரத்தைப் பிடியுங்கள். ஸ்லாட்டில் தூசி அப்பியிருந்தால் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வெட்டைப் பொருத்தி, கிளிப் 'டக்' என்று பூட்டும்வரை நேராக அழுத்துங்கள். விட்டுவிட்டுப் பீப் சத்தம் வந்தால் பெரும்பாலும் ராம் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

எவ்வளவு செலவழிக்கலாம் என்பதையும் யோசியுங்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட், 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. இந்தப் பழைய போர்டுகள் விண்டோஸ் 11-க்கான தகுதிப் பட்டியலில் இல்லை. கணக்கு, டைப்பிங், பிரிண்ட் என்று இணையம் இல்லாமல் ஓடும் கணினிக்கு ராம் கூட்டுவது இன்றைக்கும் வீண் இல்லை. பேங்க் வேலைக்கு என்றால், ராமைக் கூட்டி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுக்கொள்வதைத்தான் நான் சொல்வேன்.

இப்போது கிடைக்கும் டிடிஆர்2, டிடிஆர்3 ராம்களில் பல, வேறு கணினியிலிருந்து கழற்றியவை. அதனால் மாற்றித் தருவதாகப் பில்லில் எழுதி வாங்குங்கள். மாட்டிய அன்றே, ராமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸை இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கெட்ட ராமோடு கணினி ஓடத்தான் செய்யும்; ஆனால் அதில் சேமிக்கும் டேலி டேட்டா ஒருநாள் திறக்காமல் போகலாம், சில சமயம் பேக்கப்பும் அதே கெட்ட டேட்டாவாகவே இருக்கும்.