“வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்ற பிறகு: ஏற்காட்டுக் குடும்பங்கள் கேட்டுப் பெற வேண்டிய நோய் ஆதரவு சிகிச்சை

முற்றிய புற்றுநோயாலோ, பக்கவாதத்தாலோ, சிறுநீரகச் செயலிழப்பாலோ படுத்த படுக்கையாகிவிட்ட ஒருவரைச் சேலத்து மருத்துவமனையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்கு அழைத்து வரும் குடும்பம், “இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று மருத்துவர் சொன்னதோடு அரசின் பொறுப்பும் முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறது. உண்மையில், நோயைக் குணப்படுத்த முடியாதபோதும் வலியையும் துன்பத்தையும் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சை என்ற உரிமை பெரிதும் பயன்படத் தொடங்குவது அந்த நாளில்தான்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுவந்து தரும் திட்டமாகவே பலர் அறிவார்கள். வட்டார அளவில் நியமிக்கப்பட்ட நோய் ஆதரவு செவிலியரும் இயன்முறை மருத்துவரும் படுக்கையிலிருப்பவரின் வீட்டுக்கே வருவதும் அதே திட்டத்தின் பகுதிதான்; இதற்குக் கட்டணம் கிடையாது. செவிலியர் படுக்கைப் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவார், சிறுநீர் வெளியேறவும் உணவு செலுத்தவும் பொருத்தியுள்ள குழாய்களைக் கவனிப்பார், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும் முறையை வீட்டாருக்குக் கற்றுத் தருவார். ஆனால் அவர் இரவும் பகலும் உடனிருப்பவர் அல்லர். அன்றாடப் பராமரிப்பு குடும்பத்தின் கையில்தான் இருக்கும். ஊரின் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமோ, கிராம சுகாதார செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நோயாளியின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். 104 என்ற எண்ணிலும் விவரம் கேட்கலாம்.

வலியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புற்றுநோயின் கடும் வலிக்கு மார்பின் மாத்திரை முதன்மையான மருந்து. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 2014-இல் செய்யப்பட்ட திருத்தம், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் இதை இருப்பு வைத்து வழங்குவதை எளிதாக்கியது. “அது கடைசி மருந்து, கொடுத்தால் உயிர் போய்விடும்” என்ற அச்சத்தால் பெற்றோரை வலியில் துடிக்க விடுவதைப் போன்ற கொடுமை வேறில்லை. மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் அது மரணத்தை விரைவுபடுத்துவதில்லை. சாதாரண மார்பின் மாத்திரையை வலி வந்த பிறகு கொடுப்பதைவிட, பெரும்பாலும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் ஏற்படும் என்பதால் அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்க வேண்டும். மலையிலிருந்து அடிக்கடி இறங்க முடியாது என்பதை மருத்துவரிடம் சொல்லி, அடுத்த முறை மருந்தை யார், எங்கே, எந்தச் சீட்டைக் காட்டிப் பெறுவது என்று மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கடைசி நாட்களில் பசியும் தாகமும் குறைவது உடல் அடங்கிவருவதன் இயல்பு. விழுங்கும் திறன் போனபின் வாயில் பால் ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குள் இறங்கித் திணறச் செய்யக்கூடும். வழக்கத்தைக் கைவிட மனமில்லாதவர்கள், பஞ்சைப் பாலில் தொட்டு உதட்டை மட்டும் நனைக்கலாம், அதுவே போதும். தொண்டையில் கரகர ஓசை கேட்டால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

செயற்கைச் சுவாசம் போன்றவை தமக்கு வேண்டாம் என்று நினைப்பவர், சுயநினைவோடு இருக்கும்போதே முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம் எழுதி வைக்கலாம். கண்ணியமான மரணம் அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியதால், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்றொப்பம் பெற்றால் போதும். ஊசி போட்டு உயிரைப் போக்குவதற்கு இதில் இடமில்லை.

வீட்டில் மரணம் நிகழ்ந்தால் 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். கிராமமாயின் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவிக்கலாம். அரசு மருத்துவமனையில் இறந்தால், உடலை மலையேற்றிக் கொண்டுவர 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தியைக் கேட்கலாம்.