ஓராண்டுப் பதவி வம்ச ஆட்சியான கதை

1264-ஆம் ஆண்டு. வட இத்தாலியில் போ ஆற்றங்கரை நகரமான ஃபெராராவில் அதன் தலைவர் அட்சோ தெ எஸ்தே காலமானார். பேரன் ஒபிட்சோவுக்கு அப்போது சுமார் 17 வயது. நகர மக்கள் சதுக்கத்துக்கு அழைக்கப்பட்டார்கள். சுற்றிலும் எஸ்தே குடும்பத்தின் ஆதரவாளர்கள் ஆயுதங்களோடு நின்றார்கள். அந்த இளைஞனை நகரத்தின் நிரந்தரத் தலைவனாக ஏற்பதாகக் கூட்டம் குரல் கொடுத்தது. சட்டம் இயற்றவும் மாற்றவும் நீக்கவும் அவன் விருப்பமே போதும் என்று எழுதிக்கொடுத்தார்கள்.

இதே வட இத்தாலிய நகரங்கள்தாம் சில தலைமுறைகளுக்கு முன் ஒன்றுகூடிப் புனித ரோமப் பேரரசர் பிரெடெரிக் பார்பரோசாவை 1176-இல் லெஞ்ஞானோ போர்க்களத்தில் தோற்கடித்தவை. தங்கள் ஆட்சியாளரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையை 1183-இல் கான்ஸ்டன்ஸ் உடன்படிக்கை வழியாகப் பெற்றவை. இவ்வளவு இரத்தம் சிந்தி வாங்கிய உரிமையை ஒரு பதினேழு வயது இளைஞனிடம் ஏன் ஒப்படைத்தார்கள்? என்னை நெடுநாளாக விடாமல் பிடித்துவைத்திருக்கும் கேள்வி இது.

விடையைத் தேட, அந்த நகரங்களுக்குள் யார் வாழ்ந்தார்கள் என்று பார்க்கவேண்டும். கிராமப்புறத்தில் கோட்டையும் குத்தகை நிலமும் குதிரை வீரர்களும் வைத்திருந்த பிரபுக் குடும்பங்கள் நகரத்துக்குள்ளும் வீடு கட்டிக் குடியேறின, கோட்டைகளையோ விட்டுவிடவில்லை. பகை முற்றும்போது வீட்டை ஒட்டி உயர்ந்த கோபுரமே அரணானது. போலோஞ்ஞாவில் இன்றும் நிற்கும் அசினெல்லி கோபுரத்தின் உயரம் 97 மீட்டர்.

குடும்பங்களுக்கு நடுவே சிக்கிய நகரங்கள் ஓர் அருமையான ஏற்பாட்டைக் கண்டுபிடித்தன. உள்ளூர்க்காரர் யாரையும் நம்பமுடியாது. ஆகவே வெளியூரிலிருந்து ஒருவரை ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ சம்பளம் பேசி அழைத்துவந்தார்கள். அவருக்குப் பெயர் பொதெஸ்தா. நீதிபதிகள், நோட்டரிகள், காவல் வீரர்கள் எல்லாரையும் அவரே உடன் கூட்டிவருவார். பல ஊர்களில் அவர் உள்ளூர்க்காரர் வீட்டில் விருந்து உண்ணக்கூடாது. அங்கே பெண் எடுக்கவும் கூடாது. பதவிக்காலம் முடிந்தாலும் உடனே கிளம்பிவிட முடியாது. சில நாட்கள் அங்கேயே தங்கவேண்டும். கணக்குகளைத் தணிக்கை செய்வார்கள்; அவர்மேல் புகார் உள்ளவர்கள் வந்து சொல்வார்கள். அதன் பிறகே ஊர் எல்லையைத் தாண்டலாம். அதிகாரத்தைக் கட்டிவைக்க மனிதர்கள் செய்த முயற்சிகளில் இதைவிட நுட்பமானது அதிகம் இல்லை என்பேன்.

ஆனால் முழு ஏற்பாடும் இரண்டே முளைகளில் கட்டப்பட்டிருந்தது. ஒன்று, பதவிக்காலம். மற்றொன்று, இறுதிக் கணக்கு. பதவியை நீட்டித்தால் கணக்குக் கேட்கும் நாளும் தள்ளிப்போகும். பதவி ஆயுளுக்கும் என்றால் அந்த நாள் வரவே வராது.

வெரோனாவில் இது நடந்த விதத்தைப் பாருங்கள். பழைய பிரபுக்களுக்கு எதிராக வணிகர்களும் கைவினைஞர்களும் தங்களுக்கென ‘மக்கள் தலைவர்’ என்ற பதவியை வைத்திருந்தார்கள். 1262-இல் அது மஸ்தீனோ தெல்லா ஸ்காலாவிடம் வந்தது. 1277-இல் அவர் கொல்லப்பட்டார். ஊர் மீண்டும் கலவரத்தில் விழுந்துவிடுமோ என்ற அச்சத்தில் அவருடைய தம்பி அல்பெர்தோவை ஆயுள்காலத்துக்கும் தலைவராக்கினார்கள். எந்தக் கோட்டையும் இடியவில்லை, எந்தச் சட்டமும் கிழிக்கப்படவில்லை. பிரபுக்களுக்கு எதிராக வணிகர்களும் கைவினைஞர்களும் உருவாக்கிய பதவியே ஒரே குடும்பத்தின் சொத்தாக மாறியது.

அந்த மக்களை ஏமாளிகள் என்று நான் சொல்லமாட்டேன். அன்று தோற்ற கட்சிக்கு எதிர்க்கட்சி இருக்கை கிடையாது, ஊர்விலக்குத்தான். வீடு இடிக்கப்படும், நிலம் பறிக்கப்படும். விரட்டப்பட்டவர்கள் அடுத்த ஊரில் ஆள் திரட்டித் திரும்பிவருவார்கள். வந்ததும் மற்றவர்களை விரட்டுவார்கள். மிலானோவில் தெல்லா தோர்ரே குடும்பம் ஆண்டபோது, 1262-இல் போப்பாண்டவர் நியமித்த பேராயர் ஒத்தோனே விஸ்கோந்தியால் பதினைந்து ஆண்டுகள் தன் நகரத்துக்குள் நுழையவே முடியவில்லை. 1277 ஜனவரியில் தேசியோ என்ற இடத்தில் அவருடைய படை வென்றது. எதிர்த்தரப்புத் தலைவர் நாப்போ தெல்லா தோர்ரேவைக் கோமோ நகருக்கு மேலே உள்ள பாரதெல்லோ கோட்டையில் கூண்டில் அடைத்தார்கள். அடுத்த ஆண்டு அங்கேயே அவர் உயிர் பிரிந்தது. இப்படி வாழ்ந்து களைத்தவர்களுக்கு ‘ஒரே கை ஆண்டால் போதும்’ என்று தோன்றியதில் எனக்கு வியப்பில்லை, வருத்தம்தான் இருக்கிறது.

அப்படி வந்த ஆட்சிக்குச் சிஞ்ஞோரியா என்று பெயர். இதில் நகர மன்றங்கள் கலைக்கப்படவில்லை. பொதெஸ்தாவும் தொடர்ந்து வந்தார். ஆனால் அவரைத் தேர்ந்தெடுப்பது சிஞ்ஞோரே எனப்பட்ட அந்த ஆட்சித் தலைவரின் கையில். ஊர் கொடுத்த அதிகாரத்தை ஊரே திரும்பக் கேட்கலாம் அல்லவா? அதனால் அடுத்த கட்டமாக இந்தக் குடும்பங்கள் பேரரசரிடமிருந்து பட்டம் வாங்கின. வெரோனாவின் கான்கிராந்தே 1311-இல் பேரரசரின் பிரதிநிதியானார். மிலானோவின் ஜான் கலெயாட்சோ விஸ்கோந்தி 1395-இல் ஒரு லட்சம் ஃபுளோரின் பொற்காசு கொடுத்து டியூக் ஆனார். சதுக்கத்தில் மக்கள் குரல் எழுப்பும் சடங்குக்கு இனித் தேவை குறைந்தது.

1447-இல் கடைசி விஸ்கோந்தி டியூக் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தபோது, மிலானோ மக்கள் மீண்டும் குடியரசை அறிவித்தார்கள். நகரத்துக் காவல்புனிதர் அம்புரோஸின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். டியூக்குகளின் கோட்டையை இடித்தார்கள். ஆனால் வெனிஸோடு போர் நடந்துகொண்டிருந்தது. படை நடத்த ஆள் வேண்டும். பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ட்சா என்ற கூலிப்படைத் தலைவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். அவர் அடுத்த ஆண்டே வெனிஸோடு கைகோத்து, தனக்குச் சம்பளம் கொடுத்த நகரத்தையே முற்றுகையிட்டார். பசியில் வாடிய மிலானோ 1450-இல் கதவைத் திறந்தது. டியூக் ஆனதும் ஸ்ஃபோர்ட்சா, மக்கள் இடித்த அந்தக் கோட்டையை அதே இடத்தில் எழுப்பத் தொடங்கினார். இன்றும் அது அவர் பெயரில்தான் நிற்கிறது.