நிவாரணம்: சொல்லும் தொகையும்

மழை விட்ட மறுவாரம் வடசென்னையின் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் தெருவில் அதிகம் கேட்கும் கேள்வி, "நிவாரணம் வந்துடுச்சா?" என்பதுதான். டோக்கன் எந்தத் தெரு வரைக்கும் கொடுத்திருக்கிறார்கள், ரேஷன் கடையில் என்றைக்குப் பணம் என்று பேச்சு அதைச் சுற்றியே போகும். மிக்ஜாம் புயல் அடித்த 2023 டிசம்பரில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் அப்படித்தான் ரேஷன் கடைகளில் தரப்பட்டது. நிவாரணம் என்றால் இன்று நமக்கு அரசு கொடுக்கும் பணம்.

சொல் வடமொழி. வாரணம் என்றால் தடுத்தல், விலக்குதல். முன்னால் 'நி' சேர்ந்து நிவாரணம் ஆகிறது: வரவிடாமல் தடுப்பது, வந்ததை அகற்றுவது. இந்தப் பழைய பொருள் தமிழில் அழிந்துவிடவில்லை. மருந்துக்கடையில் வலி நிவாரணி கேட்கிறோம், வலி போக வேண்டும் என்றுதானே? தோஷ நிவாரணம், தமிழ் விவிலியத்தில் வரும் பாவநிவாரண பலி எல்லாம் இந்த வழியில் வந்தவை. இந்தியில் நிவாரண் என்பது தடுப்பு, தீர்வு என்ற பொருளிலேயே நிற்கிறது. வெள்ளத்துக்குப் பின் தரும் உதவிக்கு அங்கே ராஹத் என்று தனிச்சொல் உண்டு. தமிழில் அரசு அறிவிப்புகள் வழியாக இந்தச் சொல் உதவித் தொகைக்கே பெயராகிவிட்டது.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் இதற்கு இன்னும் பழகிய புழக்கம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அதற்குத் தரும் பணம் தடைக்கால நிவாரணம். 2023-இல் அதை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்தி அறிவித்தார்கள். ஆனால் அந்தத் தடை முன்கூட்டியே தெரிந்த தடை. ஐஸ் ஏற்றி, டீசல் போட்டு, கிளம்பும் நேரத்தில் 'கடலுக்குப் போக வேண்டாம்' என்று வரும் எச்சரிக்கை அப்படிப்பட்டதல்ல. ஐஸ் உருகிவிடும், டீசலுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் ஓடும். வங்கக் கடல் சூடேறி வருகிறது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் புயல் வந்தால் கொட்டுவதும் கூடுகிறது. இந்த எதிர்பாராத நாட்களின் வருமானம் தடைக்காலக் கணக்கில் வராது.

இங்கேதான் பக்கத்துச் சொல்லான இழப்பீட்டைப் பார்க்க வேண்டும். ஈடு என்றால் சமம், நிகர். அடகுப் பொருளுக்கும் ஈடு என்றே பெயர். வடமொழி பாதி, தமிழ் பாதியாக இருந்த நஷ்டஈடு பிறகு இழப்பீடு என்று முழுத் தமிழானது. போனது எவ்வளவோ அவ்வளவு தருவது என்ற கணக்கு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நிவாரணத்தில் அந்தக் கணக்குக் கிடையாது. பேரிடர் நிதி வழியாகத் தருவது துயர் குறைக்கும் உதவிதான், இழப்புக்கு ஈடல்ல என்பதே அரசின் விதி. உயிரிழப்புக்குத் தரும் பணத்துக்குக் கருணைத் தொகை என்று பெயர்.

புளியந்தோப்பில் வீட்டு வாசலில் இட்லி போடும் ஒரு அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் தண்ணீரில் கிரைண்டர் மோட்டார் போயிற்று, அதன் காயிலை (செப்புக் கம்பிச் சுற்றை) மாற்றிக் கட்ட வேண்டும். அரைத்து வைத்த மாவு போயிற்று, அரிசி மூட்டை அடியில் நனைந்து கெட்டுப்போயிற்று. தண்ணீர் வடிந்து தெரு காயும் வரை வியாபாரம் இல்லை. அப்புறம் தினத் தண்டலுக்கு வருகிறவரிடம் தவணை சொல்ல வேண்டும். இதில் எதற்கும் ரசீது கிடையாது, காப்பீடு கிடையாது. அந்த 6,000 ரூபாய் அவருக்குப் பேருதவிதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இழந்தது எவ்வளவு என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்காத இழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. வெள்ளத்தின் பொருளாதாரச் சேதம் என்று பெரிய தொகை அறிவிக்கப்படும்போது அதில் பாலங்களும் சாலைகளும் இருக்கும், அந்த அக்காவின் மாவு இருக்காது.

எண்ணூரில் நடந்தது வேறு. அதே டிசம்பர் வெள்ளத்தில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்கு வந்து படிந்தது. வலை, படகு, இறால், நண்டு எல்லாம் கெட்டன. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. எண்ணெய் வானத்திலிருந்து பெய்வதில்லை, அதற்கு உடையவர் உண்டு. அங்கே கொடுக்க வேண்டியதை நிவாரணம் என்று சொல்வது தவறு என்றே நினைக்கிறேன். அது இழப்பீடு.

உலக அளவிலும் சண்டை இதேதான். புகையை அதிகம் விட்ட நாடுகள் புயலில் அடிபடும் நாடுகளுக்குப் பணம் தர வேண்டுமா என்பது பல ஆண்டு வாதம். 2015 பாரிஸ் உடன்படிக்கை 'இழப்பும் சேதமும்' என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் அதோடு வந்த தீர்மானம், இது பொறுப்பேற்புக்கோ இழப்பீட்டுக்கோ அடிப்படையாகாது என்று ஒரு வரி சேர்த்தது. 2022-இல் எகிப்து மாநாட்டில் இதற்கென நிதி அமைக்க ஒப்புக்கொண்டார்கள். அது செயல்படும் விதத்துக்கு 2023 நவம்பர் 30 அன்று துபாயில் ஒப்புதல் கிடைத்தது. அடுத்த சில நாட்களில் சென்னை மிக்ஜாமில் மூழ்கியிருந்தது.

சரி, நிவாரணத்துக்குத் தமிழ் என்ன? துயர்தணிப்பு, இடருதவி இரண்டும் பொருந்தும். நான் துயர்தணிப்பையே விரும்புவேன். துயரைத் தணிக்கிறது, தீர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. பழைய பொருளான வரவிடாமல் தடுப்பதற்கு இடர்த்தடுப்பு. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் கொசஸ்தலை ஆற்றுப்படுகையில் போட்ட மழைநீர் வடிகால், 'ஓட்டேரி நல்லா' கால்வாயைத் தூர்வாருவது, எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டாமல் காப்பது எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

வெயிலுக்கு இன்னும் சொல் அமையவில்லை. 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் மே மாத நண்பகலில் வேலையை விட்டு நிழலில் ஒதுங்கினால் போகும் அரை நாள் கூலிக்கு அதில் இடமில்லை. அதற்குக் கூலியிழப்பீடு என்ற சொல் போதும். முதலில் அந்தச் சொல்லை அரசாணையில் ஏற்ற வேண்டும்.