"பூ வாசனைதானே டாக்டர், என்ன செய்துவிடும்?"

இந்த மாதம் கழுத்துக் கருமையோடு வந்த நான்காவது ஆள் அவர். முப்பது வயதுப் பெண். கழுத்தின் இரு பக்கமும் சாம்பல் கலந்த பழுப்பு நிறம், ஆறு மாதமாக அரிப்பு. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சிவப்பழகு க்ரீமை வேறு தடவியிருக்கிறார். ஸ்டீராய்டு கலந்தது. (அந்த க்ரீம்கள் செய்யும் கொடுமையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

என்ன சென்ட் போடுகிறீர்கள் என்று கேட்டேன். கைப்பையிலிருந்து நீல பாட்டிலை எடுத்தார். மல்லிகையும் கடல் காற்றும் கலந்த வாசனை. "இதால வராது டாக்டர். நாலு வருஷமா போடுறேன். கெமிக்கல் நெடியே கிடையாது, பூவும் கடலும்தான்."

இந்தப் பதிலை எத்தனை முறைதான் கேட்பது!

முதலில் கடல். அந்த பாட்டிலில் ஒரு சொட்டுக் கடல்நீர்கூட இல்லை. கடல் மணம் தருவது பெரும்பாலும் கலோன் என்ற செயற்கைப் பொருள். 1966-இல் ஃபைசர் நிறுவன வேதியியலாளர்கள் கண்டுபிடித்தது. உப்புக்காற்றும் தர்ப்பூசணியும் சேர்ந்தாற்போல் மணக்கும். கெமிக்கல் என்று நீங்கள் பயப்படுவது இதைத்தான். ஆனால் நான் பார்த்தவரை வம்பு இதனால் வருவது அபூர்வம். பூப் பக்கத்திலிருந்துதான் வருகிறது.

"தலையில மல்லி வச்சா ஒண்ணும் ஆகலையே?" ஆகாதுதான். தலையில் வைப்பது ஒரு முழம். வாசனைத் தொழிலுக்குப் போகும் மல்லிகைச் சாறு ஒரு கிலோ எடுக்க அறுநூறு கிலோவுக்கு மேல் பூ வேண்டும். அவ்வளவு செறிவானதை ஆல்கஹாலில் கரைத்து, வியர்த்த கழுத்தில், தினமும் அதே இடத்தில் அடிக்கிறீர்கள். இயற்கையில் கிடைத்தது என்பதால் தோல் அதை விட்டுவைக்காது. தோலில் பட்டால் கொப்புளம் போடும் சேராங்கொட்டையும் இயற்கைதான்! லில்லி ஆஃப் தி வேலி என்று பெட்டியில் போட்டிருந்தால், அந்தப் பூவிலிருந்து வணிக அளவில் எண்ணெய் எடுக்கவே முடியாது. ஹைட்ராக்சிசிட்ரோனெல்லால் போன்ற செயற்கை வாசனைப் பொருள்களை வைத்து உருவாக்கும் மணம் அது. அதே வகையைச் சேர்ந்த லைரல், ஒவ்வாமை காரணமாகவே 2021 முதல் ஐரோப்பிய ஒன்றியக் கடைகளில் விற்கத் தடை. பீரோவில் பத்து வருடமாகக் கிடக்கும் பாட்டிலில் அது இருக்கலாம்.

நாலு வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்பதும் சமாதானம் இல்லை. ஒவ்வாமை பழகிய பொருளுக்குத்தான் வரும். போட்ட அன்றே அரிக்காமல் ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பதால், யாரும் சென்டைச் சந்தேகிப்பதில்லை.

இவருக்கு முதுகில் பேட்ச் டெஸ்ட் வைத்தோம். சந்தேகப்படும் பொருள்களைத் தோலில் ஒட்டி, எதற்கு ஒவ்வாமை என்று பார்க்கும் சோதனை. இரண்டு நாள் முதுகு நனையக் கூடாது. சென்னை வெயிலில் அந்தப் பிளாஸ்திரி விழாமல் இருப்பதே பெரிய காரியம். நான்காம் நாள் பார்த்தபோது மல்லிகைச் சாறு, ஹைட்ராக்சிசிட்ரோனெல்லால் இரண்டும் சிவந்து தடித்திருந்தன. கலோனைத் தனியாக வைத்திருந்தேன். அந்த இடம் சுத்தமாக இருந்தது.

சரி, என்ன செய்யலாம்? கழுத்தில் அடிக்காதீர்கள். துணியில் அடியுங்கள், பட்டில் வேண்டாம், கறை படியும். ஷேவ் செய்த தோலில் கூடவே கூடாது. புது பாட்டில் வாங்கினால் முழங்கை மடிப்பில் தினம் இரு வேளை, ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். பூ வாசனைப் பொருள்களில் சில, காற்றுப் பட்டால் இன்னும் மோசமாகும். வருடக்கணக்கில் திறந்து மூடிய பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள். கைக்குழந்தைக்கு வாசனை எதற்கு? தயவுசெய்து வேண்டாம்.

கருமை வந்துவிட்டால் சென்டை மட்டும் நிறுத்திப் பயனில்லை. சோப்பு, பவுடர், தலை எண்ணெய் எல்லாவற்றிலும் அதே பொருள்கள் உண்டு. நிறம் திரும்ப மாதங்கள் ஆகும், பொறுங்கள். அப்புறம், மருத்துவரிடம் போகும்போது பாட்டிலை மட்டும் கொண்டு போகாதீர்கள். பொடி எழுத்தில் பொருள்பட்டியல் உள்ள அந்த அட்டைப்பெட்டியும் வேண்டும்.