ஷக்குஹச்சி: அளவையே பெயராகக் கொண்ட குழல்

முதல் தடவை ஹெட்போனில் ஷக்குஹச்சி கேட்டபோது பதிவில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். சுரத்துக்கு முன்னால் காற்றின் சீறல் வந்து நின்றது. அடுத்த பதிவிலும் அதே சீறல். மூச்சை வேண்டுமென்றே சுரத்தோடு கலந்து சீறவிடுவது அந்தக் கருவியின் மரபு, அதற்கு 'முரயிக்கி' என்று தனிப்பெயரே உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது அந்தச் சீறலுக்காகவே கேட்கிறேன்.

ஷக்குஹச்சி ஜப்பானின் மூங்கிற்குழல். தமிழில் இதை 'ஷாகுஹாச்சி' என்று எழுதுகிறார்கள். ஜப்பானிய உச்சரிப்பில் இந்தச் சொல்லில் நெடிலே கிடையாது. அதனால் ஷக்குஹச்சி என்பதே நெருக்கம்.

பெயர் வந்த வழி எளியது. 'ஷக்கு' ஒரு நீள அளவு, சுமார் 30.3 செ.மீ., ஏறக்குறைய நம் அடி. அதில் பத்தில் ஒன்று 'சுன்'. 'ஹச்சி' என்றால் எட்டு. ஒரு ஷக்கு எட்டு சுன், அதாவது சுமார் 54.5 செ.மீ. நீளமுள்ள குழல். நடுவில் இருந்த சொற்கள் தேய்ந்து 'ஷக்கு எட்டு' மட்டும் மிஞ்சிவிட்டது. இன்று இதைவிடக் குட்டையாகவும் நெட்டையாகவும் குழல்கள் செய்கிறார்கள், பெயர் மட்டும் மாறவில்லை. இதில் எனக்கு மிகப் பிடித்த செய்தி ஒன்று: ஷக்கு என்பதற்கான எழுத்து, விரித்த கையின் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் காட்டும் படம் என்பது அகராதிகள் தரும் விளக்கம். நம் சாண் பிறந்ததும் அப்படித்தானே! பின்னாளில்தான் அந்த அளவு அடிக்கு நீண்டது.

குழல் சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போனது. 8-ஆம் நூற்றாண்டுக் குழல்கள் அங்கே நாரா நகரின் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் இருக்கின்றன. பிற்காலத்தில் ஜென் பௌத்தத்தின் ஃபுகே பிரிவைச் சேர்ந்த 'கொமுசோ' துறவிகள் தலை முழுவதையும் மூடும் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு தெருத்தெருவாக இதை ஊதிச் சென்றார்கள். அவர்களுக்கு இது இசைக்கருவி அல்ல, 'ஹோக்கி', அதாவது அறநெறிக்கான கருவி. ஊதுவது 'சுயிசென்', ஊதித் தியானித்தல். 1871-ல் மெய்ஜி அரசு அந்தப் பிரிவையே கலைத்துவிட்டது. இசை மட்டும் தப்பிப் பிழைத்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'புல்லாங்குழல்' என்றால் வேர்ப்பொருளில் தவறே இல்லை. வெளிப்புறம் வயிரம் பாய்ந்த தாவரத்தைப் புல் என்கிறது தொல்காப்பியம்; மூங்கிலும் அதில் அடங்கும். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் குறுக்காகப் பிடித்து ஊதும் குழல்தான் நம் மனசில் வந்துவிடுகிறது. ஷக்குஹச்சியை நேராகத் தாழ்த்திப் பிடித்து மேல்முனையில் ஊத வேண்டும். அந்த முனையைச் சாய்வாகச் சீவி, எருமைக் கொம்பின் துண்டைப் பதித்திருப்பார்கள். அதன் பெயர் 'உதகுச்சி', பாட்டின் வாய். துளைகள் முன்னால் நான்கு, பின்னால் ஒன்று. துளைகளை முழுசாக மூடித் திறந்தால் வரும் ஐந்து சுரங்கள் நம் சுத்த தன்யாசி ராகத்தின் சுரங்களே. மற்ற சுரங்களைத் துளையைப் பாதி மூடியும் தலையை ஏற்றித் தாழ்த்தியும் வரவழைப்பார்கள். தலையசைக்கப் பழகவே மூன்று வருஷம் ஆகும் என்று அங்கே ஒரு சொலவடை உண்டு.

ஆகவே என் தேர்வு 'ஜப்பானிய வேய்ங்குழல்'. வேய் என்றால் மூங்கில். எதனால் செய்தது என்று மட்டும் சொல்லும், பிடிக்கும் விதத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. முதல் தடவை இப்படி அறிமுகப்படுத்திவிட்டு அப்புறம் ஷக்குஹச்சி என்றே எழுதலாம்.

இதோடு சேர்ந்து ஒலிக்கும் நரம்புக்கருவியைக் 'கோட்டோ' என்று எழுதுகிறோம். அங்கே நாக்கு பல்லைத் தொடும், நெடிலும் இல்லை: 'கொத்தொ'. அதை யாழ் என்று மொழிபெயர்ப்பது சரியில்லை. யாழின் நரம்புகள் ஒன்றுக்கொன்று நீளம் மாறுபடும். கொத்தொவின் 13 நரம்புகளும் ஒரே நீளம். நரம்புக்கு அடியில் நின்று அதைத் தாங்கும் 'குதிரை' என்ற கட்டையை நகர்த்தித்தான் சுருதி சேர்க்கிறார்கள். உறவு தேடினால் இந்துஸ்தானிப் பாடகர்கள் மீட்டும் சுரமண்டல்தான் கிட்டத்தில் வரும். இரண்டும் சேர்ந்து பேசுவதைக் கேட்க, மியாகி மிச்சியோ 1929-ல் அமைத்த 'ஹரு நோ உமி' (வசந்தக் கடல்) போதும்.

இந்த இசையை 'ரிலாக்ஸ் மியூசிக்' என்று போடுகிறார்கள். 'இளைப்பாறும் இசை' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இளைப்பு என்றால் களைப்பு. மூச்சு வாங்கும் நோய்க்கும் அதுதான் பெயர். அது ஆறுவதே இளைப்பாறல். துறவிகளின் பழைய ஷக்குஹச்சி இசையில் தாளக்கட்டு கிடையாது. ஒரு மூச்சு எவ்வளவு தூரம் போகுமோ அதுவே ஒரு வரி. பத்து வரி கேட்பதற்குள் நம் மூச்சும் அந்த நீளத்துக்கு இறங்கிவிடுகிறது.

விளக்கை அணைத்துவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்து, 'ட்சுரு நோ சுகொமோரி'யில் தொடங்குங்கள். கூட்டில் குஞ்சு வளர்க்கும் கொக்குகளின் பாட்டு அது. நடுங்கும் சுரங்களில் சிறகடிப்பு கேட்கும். 1977-ல் வாயேஜர் விண்கலங்களோடு அனுப்பிய இசைத்தட்டிலும் அது இருக்கிறது, யமகுச்சி கொரோ வாசித்தது. ஒவ்வொரு சுரமும் அடங்கிய பிறகு அவர் அடுத்த மூச்சை எடுப்பதற்கு முன் ஒரு வெறுமை வரும். அங்கேயும் காதை எடுத்துவிடாதீர்கள்.