கிராஸ் கம்பைலர்: குறுக்கா, பிறபொறியா?

காசிமேட்டில் படகைக் கரையில் வைத்துக் கட்டுகிறார்கள்; ஓடப்போவது கடலில். எழுதிய நிரலைப் பொறிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள் கம்பைலர்; அதில் ஒரு வகையான கிராஸ் கம்பைலரும் அப்படித்தான். லேப்டாப்பில் ஓடி, லேப்டாப்பில் ஓடாத நிரலைக் கட்டித் தருகிறது. அர்டுயினோ ஊனோ என்ற சிறு மின்னணு போர்டின் ஏடிமெகா328பி சிப்பில் நிரலுக்கான ஃபிளாஷ் நினைவகம் 32 கிலோபைட், தற்காலிக நினைவகமான ரேம் 2 கிலோபைட். கம்பைலர் அதற்குள் அடங்காது.

கம்பைல் என்பதன் லத்தீன் மூலத்துக்குக் கொள்ளையடித்தல் என்று பொருள். பிறகுதான் பல இடங்களிலிருந்து எடுத்துச் சேர்ப்பது என்றானது. 1952இல் ஏ-0 நிரலை எழுதிய கிரேஸ் ஹாப்பர், அது சேமிப்பிலிருந்த துணைநிரல்களைப் பொறுக்கிக் கோத்ததால் கம்பைலர் என்றார். அந்தக் கோக்கும் வேலை இன்று லிங்கருடையது, தமிழில் இணைப்பி. இன்றைய கம்பைலர் செய்வது மொழிபெயர்ப்பு. தொல்காப்பிய மரபியல் வழிநூல் வகைகளில் தொகுத்தலையும் மொழிபெயர்த்தலையும் தனித்தனியாகவே வைக்கிறது. அந்தக் கணக்கில், கம்பைலருக்குத் தமிழில் வழங்கும் 'தொகுப்பி' பழைய வேலைக்கான பெயர். ஆனாலும் பரவிவிட்ட நல்ல சொல், இருக்கட்டும்.

கிராஸ் கம்பைலரைக் 'குறுக்குத் தொகுப்பி' என்பதுதான் உறுத்துகிறது. குறுக்கு என்றாலே குறுக்குவழி நினைவுக்கு வரும். 'பிறபொறித் தொகுப்பி' என்றால் வேலை பெயரிலேயே தெரியும். கூடவே, எந்தப் பொறி என்ற கேள்வியும் எழும்.

அந்தக் கேள்விக்குக் கட்டளை வரியில் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஊனோவின் சிப்புக்கான கிராஸ் கம்பைலர் ஏவிஆர்-ஜிசிசியில் 'எம்எம்சியு' என்ற குறிப்பில் சிப்பின் பெயரைத் தருகிறோம். தொகுக்கும்போது தந்துவிட்டு இணைக்கும்போது விட்டுவிடுபவர்கள் அதிகம். அப்போது தொடக்க நிரல் சேராது. இன்டரப்ட் (நடக்கும் வேலையை இடைமறிக்கும் அழைப்பு) வந்தால் தாவவேண்டிய முகவரிப் பட்டியலும் இராது. கோப்பு உருவாகியிருக்கும், போர்டு ஊமையாக இருக்கும். இரண்டு படியிலும் தருக.

அடுத்தது வேகம். ஊனோ 16 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அந்த வேகத்தைச் சொல்லும் 'எஃப்_சிபியு' மதிப்பைத் தராவிட்டால், காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடும் டிலே நூலகம் எச்சரித்துவிட்டு 1 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளும். அரை நொடிக்கு ஒருமுறை மாறவேண்டிய எல்இடி, 31 மில்லிநொடிக்கு ஒருமுறை மாறிப் படபடக்கும். பல்பு பழுது என்று கழற்றாதீர்கள், எச்சரிக்கையைப் படியுங்கள்.

இணைத்த கோப்பை ஏவிஆர்-ஆப்ஜ்காப்பி சிப்பில் ஏற்றத்தக்க ஹெக்ஸ் கோப்பாக மாற்றும், ஏவிஆர்டியூட் அதைப் போர்டில் ஏற்றும். ஏற்றுமுன் ஏவிஆர்-சைஸ் ஓட்டி, ரேமில் மாறிகள் பிடிக்கும் இடமான டேட்டாவையும் பிஎஸ்எஸ்ஸையும் கூட்டிப் பாருங்கள். ரேமின் 2,048 பைட்டை நெருங்கினால், செயற்கூறுகள் ஓடும்போது பயன்படுத்தும் ஸ்டாக்குக்கு இடமிருக்காது, நிரல் நடுவில் தடுமாறும். மாறாத வாசகங்களை 'புரோக்மெம்' போட்டு ஃபிளாஷுக்கே தள்ளிவிடுங்கள். படிக்கும்போது அதற்கான தனிச் செயற்கூறுகளால் படிக்கவேண்டும்.